ஈறு எக்ஸ்பிரஸும் என் முழங்கையும்

நான் ஒரு ரயிலைக் கவிழ்த்திருக்கிறேன். முழங்கையால்.

பதற வேண்டாம், உயிர்ச்சேதம் இல்லை. கவிழ்ந்த எஞ்சினை ஒரு கையால் தூக்கிவிடலாம். கவிழ்த்தபோது என் உயரம் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இருந்தாலும் வெட்கக்கேடு வெட்கக்கேடுதான். தலை பாதி நரைத்த, அலமாரியில் இடம் போதாமல் அரிசி டிரம்மின் மேல் அகராதிகளை அடுக்கி வைத்திருக்கிற, உள்ளூர்க் கூட்டங்களில் 'சிந்தனையாளர்' என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தப்படுகிற ஒருவன், தன்னைச் சுண்டுவிரலில் பாதியாகச் சுருக்கித் தரச் சொல்லி ஒரு பல்செட்காரர் வீட்டுக்கு நடையாய் நடந்திருக்கிறான். சும்மா சுருக்கினால் போதாதாம். ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மறு கையில் புத்தகம் பிடித்தபடி கம்பீரமாகச் சுருக்க வேண்டுமாம். இடுப்பில் ஊன்றிய அந்தக் கைதான் பிறகு ரயிலில் தட்டியது.

அந்தப் பல்செட் அண்ணாச்சியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ரயில் மேல் இத்தனை பித்துக் கொண்டும் வாழ்நாளில் ஒருமுறைகூட ரயிலில் ஏறாத மனிதர், கன்னியாகுமரியில் தொடங்கித் தண்டவாளம் முடிகிற இடம் வரை தேடினாலும் அவர் ஒருவர்தான் இருப்பார்.

கோவில்பட்டியில் பல் டாக்டர்கள் பிறர் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அண்ணாச்சி தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அதற்குப் பல் செய்து கொடுப்பார். ஊரில் பாதிப் பேர் முறுக்குத் தின்பது அவர் தயவில்தான். அவருக்கு ஒரு பெயர் உண்டு என்பதே மகள் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்த பிறகுதான் தெருவுக்குத் தெரிந்தது. "பொண்ணு பேரு சரியாத்தான் போட்டிருக்கு, அப்பா பேரத்தான் மாத்திப் போட்டுட்டானுவ" என்று பத்திரிகையைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தவர்களும் உண்டு.

பல் செய்வதற்கு அவர் ஓர் இயந்திரம் வாங்கினார். ரெசின் பிரிண்டர். தொட்டியில் பாயசம் போல ஒரு திரவம். அதற்குள் ஒரு தட்டு தலைகீழாக மூழ்கும். அடியிலிருந்து ஒளி பட்டுப் பட்டு, திரவம் நூலிழை நூலிழையாகக் கெட்டியாகும். தட்டு மெல்ல மேலே எழும்பும்போது, வௌவால் மாதிரி அதில் பற்கள் தொங்கிக்கொண்டு வரும். பார்க்கப் பார்க்கத் தூக்கம் வரும். பார்க்காமல் இருக்கவும் முடியாது. ஒருநாள் நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, கடைவாய்ப்பல்லுக்குப் பக்கத்தில் வேறெதுவோ தொங்கியது.

"இது யாரு பல்லு அண்ணாச்சி?"

"பல்லு இல்ல. ரயில் பெட்டிக்கு அடியில சக்கரத்தப் புடிச்சிருக்கும்லா, அந்தச் சட்டம்."

"எதுக்கு?"

"தட்டுல எடம் இருந்துச்சு."

அவ்வளவுதான் காரணம். தட்டில் இடம் இருந்தது. ஒரு மனிதனின் பிற்பாதி வாழ்க்கை அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

அடுத்த பருத்தி வெடிப்பதற்குள் வீட்டு ஹாலில் தண்டவாளம் போட்டாயிற்று. நிஜ ரயிலை எண்பத்தேழால் வகுத்த அளவு. அதன்பின் அண்ணாச்சி கண்ணில் பட்டதையெல்லாம் எண்பத்தேழால் வகுக்க ஆரம்பித்தார். போலீஸ்காரர் ஒருவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ரெண்டு சென்டியத் தாண்டுவீங்க போல இருக்கே" என்று வாழ்த்தி, கிட்டத்தட்ட ஸ்டேஷனுக்கே போகப் பார்த்தார்.

பல்லைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு குட்டி லேத் வந்து சேர்ந்தது. பித்தளைக் கம்பியை அதில் மாட்டிக் கடைந்து சக்கரம் எடுப்பார். சக்கரத்தின் உள்விளிம்பு தடித்தால் தண்டவாளத்தில் ஏறிவிடும், மெலிந்தால் இறங்கிவிடும். அந்த விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பெண் குழந்தைக்குக் காது குத்தும் தட்டார் முகம் தோற்றது. எத்துப்பல்லுக்குக் கட்டும் கம்பி, எஞ்சின் தலையில் மின்சாரம் வாங்கும் கொம்பானது. பல்செட்டின் கொக்கி, பெட்டியோடு பெட்டியைக் கோத்தது. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர் மருந்து தோய்க்காத வெறுங்குச்சிகளைச் சாக்கில் அனுப்பினார். அவற்றின் மேல் தண்டவாளம் படுத்தது. டாக்டர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய பிளாஸ்டர் அச்சுகள் ஒன்றுகூடி மலையாயின. பஜாரில் நகைக்கடை வைத்திருப்பவரின் மேலண்ணத்தைக் குடைந்துகொண்டு ஒரு சுரங்கப்பாதை போயிற்று.

"நம்ம பக்கம் ஏது அண்ணாச்சி சுரங்கப்பாத?" என்றேன்.

"அச்சு மிஞ்சிட்டு. தூரப் போடச் சொல்லுதீங்களா?"

ரயிலின் நிறம் இளஞ்சிவப்பு. செயற்கை ஈறு செய்கிற ரெசினில் மிஞ்சியதைத்தான் அவர் பெட்டிகளுக்குப் பயன்படுத்தினார். மேலே வண்ணம் பூசலாமே என்றால், "பூசுனா தடிமன் கூடிரும். அளவு போயிரும்" என்பார். அளவு சரியாக இருந்ததால், அது உலகத்திலேயே மிகத் துல்லியமாகச் செய்யப்பட்ட ஈறாகத் தெரிந்தது. தெரு அதற்கு ஈறு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்தது.

ஒரே தட்டில் பல்லும் ரயிலும் விளைந்தால் என்ன ஆகும் என்று நீங்கள் யோசிப்பதற்குள் அது ஆகிவிட்டது. பொட்டலம் மாறிப்போய், மளிகைக்கடைப் பெரியவர் ஒருவர் சக்கரச் சட்டத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டார். இரண்டு நாள் கழித்துத்தான் திரும்பி வந்தார். "சாப்பாட்டுக்கு ஒண்ணும் கொற இல்ல. பேசுனாத்தான் கடகடங்குது" என்றாராம். அந்த இரண்டு நாளும் இங்கே அண்ணாச்சி, சிரித்துக்கொண்டிருந்த ஒரு மேல்வரிசைப் பல்லுக்குச் சக்கரம் மாட்டப் போராடிக்கொண்டிருந்தார். அதன்பின் மதினி, அதாவது அண்ணாச்சியின் மனைவி, அச்சிடுவதில் காலையில் பல், மாலையில் ரயில் என்று சட்டம் போட்டார்.

தண்டவாளம் ஹாலைச் சுற்றி இடுப்புயரப் பலகையில் ஓடியது. வாசல் குறுக்கே வந்ததால், அங்கே தூக்கி இறக்குகிற மாதிரி ஒரு பாலம். வண்டி வரும் சமயம் யார் வந்தாலும் வெளியே நிற்க வேண்டியதுதான். பால்காரர் கேனோடு நிற்பார், கேபிள் டிவிக்காரர் நிற்பார், மதினியின் சொந்தத் தம்பி செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். உள்ளேயிருந்து அண்ணாச்சி குரல் கொடுப்பார்: "கொஞ்சம் பொறுங்க, கேட்டு போட்டிருக்கு!"

நான் மட்டும் நின்றதில்லை. குனிந்து பாலத்துக்கு அடியில் புகுந்து போய்விடுவேன். என் ஞானம் வளர்ந்தது அந்த வீட்டில்தான். கூனும் அங்கேதான் வளர்ந்தது.

மதியத்தில் போக வேண்டும். சன்னலெல்லாம் சாத்தி, அறை குளத்தடி போல மங்கலாக இருக்கும். மேலே தளத்தில் ஒரு கண்ணாடி பதித்திருக்கும். அதன் வழியாக வெயில் ஒரு சதுரத் துண்டாக இறங்கி, பலகை மேல் மெல்ல நகரும். அந்தக் குட்டி ஊருக்கு அதுதான் சூரியன். அது மலை மேல் ஏறினால் காலை வண்டி, பிளாட்பாரத்தைத் தொட்டால் மதிய வண்டி. கடிகாரம் கிடையாது. தாடையைப் பலகையில் வைத்து, கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்துக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் ஹால் மறைந்துவிடும். மதினியின் மிக்ஸிச் சத்தம் தொலைதூர இடியாகிவிடும். நகைக்கடைக்காரரின் வாய்க்குள்ளிருந்து ஒரு ரயில், யாருக்கும் அவசரமில்லாத ஒரு ஊரை நோக்கி வந்துகொண்டே இருக்கும்.

மண் நிஜமான கரிசல். மதினியின் மாவுச் சல்லடையில் சலித்துப் பசை கலந்து பூசியது. சித்திரையில் அது வெடித்தது. நம் நிலம் வெடிக்கிற அதே அகலத்தில். அன்றைக்கு நான் போனபோது அண்ணாச்சி இடுக்கியால் ஆடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வேறு பக்கம் வைத்துக்கொண்டிருந்தார். புதூர்ப் பக்கத்து ஆடுகள். ஆளுக்குக் கடுகளவு கொம்பு.

"அவிய ஒயரத்துக்கு இது பாழுங்கெணறு அண்ணாச்சி. விழுந்துருமே" என்றார். எங்கள் பக்கத்து வழக்கப்படி நானும் அவருக்கு அண்ணாச்சிதான். பிறகு வெடிப்பையே வெகுநேரம் பார்த்தார். "எதைச் சொன்னாலும் சின்னதாயிருது. மண்ணு மட்டும் கேக்க மாட்டேங்குது."

நிஜ ஸ்டேஷன் பக்கமிருந்து ஹாரன் சத்தம் கேட்டால் தன் வண்டியை நிறுத்திவிடுவார். "பெரியவிய போறாவ. போகட்டும்" என்பார். சத்தம் தேய்ந்து முடிந்த பிறகுதான் விரல் மறுபடி சுவிட்சுக்குப் போகும்.

இத்தனை மரியாதை வைத்திருக்கிறவர் ஏன் ஏறவே மாட்டேன் என்கிறார்? கேட்டேன்.

"ஏறி ஒக்காந்துட்டா ரயிலு எங்கன தெரியும்? சன்னல் தெரியும், எதுத்தாப்புல இருக்கவன் டிபன் டப்பா தெரியும். ரயிலு ரயிலாத் தெரியணும்னா வெளியதான் நிக்கணும்."

மதுரைக்குப் போனாலும் திருநெல்வேலிக்குப் போனாலும் அவருக்குப் பஸ்தான். தண்டவாளம் தெரிகிற பக்கத்து சன்னல். ரயில் ஒன்று பஸ்ஸை முந்தினால் எழுந்து நின்றுவிடுவார். "ஒக்காருங்க அண்ணாச்சி, அது நம்மள விட்டுட்டுப் போயிரும்" என்று கண்டக்டர் சொன்னால், "அதப் பாக்கத்தான நிக்குதேன்" என்பார்.

பிளாட்பாரத்துக்கு ஆட்கள் வந்தபோதுதான் எனக்குச் சனி பிடித்தது. அண்ணாச்சியின் மகள் கோமதி, கம்ப்யூட்டரில் பல் வரைகிறவள். அப்பாவின் தொழிலில் பாதி அவள் விரலில் இருந்தது. தெருக்காரர்களைப் போனில் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து, அப்படியே சுருக்கி அச்சிட்டாள். மாடியில் மிளகாய் வற்றலுக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் பரப்பிவைத்தால், நம்மூர் வெயிலில் ஆட்கள் சீக்கிரமே இறுகிவிடுவார்கள். எல்லாரும் பல் நிறம். கொஞ்சம் வெற்றிலை போடுகிறவர்களுக்குக் கொஞ்சம் பழுப்பு நிறம். பால்காரர், குளத்தூரிலிருந்து உப்பு மூட்டையோடு வருகிற அம்மா, மதினி, ஏன், தெருநாய் உட்பட எல்லாரும் பிளாட்பாரத்தில் ஏறிவிட்டார்கள். நான் மட்டும் இல்லை.

"நானும் நிக்கட்டுமா அண்ணாச்சி?"

"எதுக்கு?"

"எதுக்குன்னா? சும்மாதான்."

"சும்மா நிக்க எடமில்ல. பால்காரருக்குக் கேனு வரணும். உப்புக்கார அம்மா ஊருக்குப் போகணும். நாய்க்குக் கூட பிஸ்கட்டு வரும்னு நெனப்பு. ஒங்களுக்கு என்ன காரணம்?"

நான் வீட்டுக்குப் போய் யோசித்தேன். சாப்பிடும்போது யோசித்தேன். வாழ்க்கையில் எதற்காக நிற்கிறோம் என்கிற கேள்வி இப்படி ஒரு பல்செட்காரர் வாயிலிருந்து வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மறுநாள் போய்ச் சொன்னேன்: "வழியனுப்ப வந்திருக்கேன்."

"யார?"

ஒரு மாதம் இழுத்தடித்தார். தினமும் பாலத்துக்கு அடியில் குனிந்து போய்க் கெஞ்சினேன். கடைசியில் கோமதிதான் சிபாரிசு செய்தாள். "பாவம்பா, சித்தப்பா ஆசப்படுதாவ."

"சரி, நிக்கட்டும். யாருன்னு பெறவு பாத்துக்கிடுவோம்" என்றார் அண்ணாச்சி. இடுப்பில் கை, கையில் புத்தகம் என்ற என் நிபந்தனையைக் கேட்டு, "போஸ்டராய்யா ஒட்டுதோம்?" என்று அவர் முனகியது எனக்குக் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இதற்கிடையில் கோமதிக்கு ஒரு வரன் தகைந்து வந்தது. பையனுக்குச் சென்னையில் வேலை. அப்பா மணியாச்சியில் குடியிருக்கிற, ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். சம்பந்தம் ரயில்வே என்றதும் அண்ணாச்சிக்கு உச்சி குளிர்ந்தது. மதினி உடனே வெந்நீர் ஊற்றினார்.

"இங்க பாருங்க. சம்பந்தம் கூடிச்சுன்னா அன்னைக்கே இந்த ரயிலக் கழட்டணும். சொந்தக்காரவிய வருவாவ, சீரு பரத்தணும். வாரவியள எங்கன ஒக்கார வைக்க? தண்டவாளத்து மேலயா?"

"மாடில கொண்டு வச்சிருவமா?"

"எங்கனயும் வைங்க."

மாடி என்றால் என்ன அர்த்தம் என்று அண்ணாச்சிக்குத் தெரியும். எங்கள் ஊர் வெயிலில் ஒரு கோடைக்குள் பெட்டியெல்லாம் அப்பளமாக வளைந்துவிடும். ஆக, மகள் கல்யாணம் கூடினால் ரயில் போகும். ரயில் இருக்க வேண்டுமென்றால் கல்யாணம் தட்ட வேண்டும். எந்தத் தகப்பனும் இப்படியொரு சிக்னலில் நின்றிருக்க மாட்டான். "கூடட்டும்" என்றார். "கூடட்டும் அண்ணாச்சி. கழட்டதுக்கு முன்ன ஒரே ஒரு சுத்து விட்டுக்கிடுதேன்."

பெண் பார்க்க வருகிற அன்று காலையில்தான் கோமதி என்னைப் பிளாட்பாரத்தில் ஒட்டினாள். அழகாகத்தான் இருந்தேன். அன்று வண்டி ஓட்டக் கூடாது என்று மதினி உத்தரவு. எல்லாவற்றின் மேலும் போர்வை விரித்திருந்தார். மலை இருந்த இடம் மட்டும் மேடாகத் தெரிந்தது.

வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா போர்வையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "அங்கன யாரு படுத்திருக்கா? மேலுக்குச் சொகமில்லையா?" என்று கேட்டார்.

"அது ஆளு இல்ல மதினி, ரயிலு" என்றார் எங்கள் மதினி, ஏதோ குடும்ப வியாதியைச் சொல்கிற மாதிரி.

ஸ்டேஷன் மாஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி ஆசையோடு போய், "சார் எத்தன வண்டியப் பாத்திருப்பீங்க!" என்றார்.

"ரிட்டையர் ஆன அன்னைக்கே ரயில் சத்தம் கேக்காத வீடாப் பாக்கச் சொன்னேன். மணியாச்சில அப்படி வீடு ஏது?" என்று சுவரிடம் சொன்னார் அவர். அண்ணாச்சியின் முகம் சுருங்கி எண்பத்தேழில் ஒன்றாகிவிட்டது.

மற்றபடி எல்லாம் சுபம். காபி வந்தது, கேசரி வந்தது. பையனும் பெண்ணும் ஏற்கெனவே போனில் பேசிப் பிடித்துப்போனவர்கள்தான். பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு இருவரும் புதிதாக வெட்கப்பட்டார்கள். பேச்சு முடிந்தது. மதினி அண்ணாச்சியை ஒரு பார்வை பார்த்தார். மதினி கையில் ஏற்கெனவே ஸ்க்ரூடிரைவர் இருந்தது.

அண்ணாச்சி எழுந்து போர்வையை மடித்தார். துணி மடிப்பது போலவே இல்லை. சுவிட்சில் விரல் வைத்த நேரம் பார்த்து, தூரத்தில் நிஜ ஹாரன். விரலை எடுத்துவிட்டார். அறையில் மற்றவர்கள் ஏனென்று தெரியாமலே கேசரிக் கரண்டியைக் கீழே வைத்தார்கள். சுவரைப் பார்த்தபடியே ஸ்டேஷன் மாஸ்டர், கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தார்: "சரக்கு வண்டி. காலிப் பெட்டி."

பிறகு ஈறு எக்ஸ்பிரஸ் கிளம்பியது.

கடைசிச் சுற்று என்பதாலோ என்னவோ, மிக மெதுவாக விட்டார். வாசல் பாலத்தைத் தாண்டி, வெடித்த கரிசலின் ஓரமாக ஆடுகள் பார்க்கப் பார்க்க வந்தது. மலைக்குள் போயிற்று. வெளியே வர எத்தனை நேரம் எடுத்தது என்று சொல்ல முடியாது. உள்ளே ஒரு ராத்திரியே கழிந்து வந்த மாதிரி இருந்தது. சதுர வெயில் பிளாட்பாரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. பால்காரரைத் தாண்டியது. உப்புக்கார அம்மாவைத் தாண்டியது. என் பக்கம் வந்தது.

டிக் என்று ஒரு சத்தம்.

என் பாதங்கள் பிளாட்பாரத்தில் நின்றன. மற்றபடி நான், புத்தகத்தோடு, தண்டவாளத்தில் கிடந்தேன். எஞ்சின் என் மேல் ஏறிச் சாய்ந்தது. பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக, தூங்கிப்போகிற பிள்ளைகள் மாதிரி, பக்கவாட்டில் படுத்தன.

அண்ணாச்சி மெல்லக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க!"

பிளாட்பாரம் முழுக்கக் கேட்கிற குரல். ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்து நின்றிருந்தார். நாற்காலி பின்னால் விழுந்து கிடந்தது. வேட்டியை மடித்துக் கட்டினார், எங்களையெல்லாம் கையால் ஒதுக்கினார், பலகை முன் வந்து குனிந்தார்.

"ஒருத்தரும் எதையும் அசைக்கக் கூடாது. சம்பவ எடம் கெடக்கபடியே கெடக்கணும். வண்டிய ஓட்டுனது யாரு?"

"நாந்தான்" என்றார் அண்ணாச்சி, குற்றவாளிக் கூண்டில் நின்று.

"சிக்னல் குடுத்தது?"

அண்ணாச்சி மதினியைப் பார்த்தார். "கண்ணக் காட்டுனது அவதான்."

"விழுந்து கெடக்கது யாரு?"

நான் கையைத் தூக்கினேன். அவர் என்னைப் பார்த்தார், தண்டவாளத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"உசுரோடதான இருக்கீங்க? அப்ப வாக்குமூலம் குடுங்க. பிளாட்பாரத்துல என்ன சோலி?"

"வழியனுப்ப வந்தேன்."

"யார?"

மறுபடியும் அதே கேள்வி. அண்ணாச்சியைப் பார்த்தேன்.

"யாருன்னு தெரியாம வழியனுப்ப வந்திருக்காரு. வந்தவரு விளிம்புல நின்னு புத்தகம் வேற படிச்சிருக்காரு" என்று அவர் மகனிடம் சொன்னார். மகன் பயபக்தியோடு தலையாட்டினான். அண்ணாச்சி அளவுக் கருவியை எடுத்து நீட்ட, அவர் என் உடலில் பிதுங்கியிருந்த முழங்கையை அளந்தார். வண்டிக்கும் ஆளுக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளியை என் முழங்கை ஆக்கிரமித்திருந்தது என்று தீர்ப்பின் முதல் பாகம் வெளியானது. நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஆள் எங்கே போனார் என்றே தெரியவில்லை.

மதினி மெதுவாகத் தொடங்கினார். "அது கெடக்கட்டும் அண்ணே. கல்யாண வேல கெடக்கு. இத இன்னைக்கே கழட்டி..."

"கழட்டதா? விசாரண முடியாமலா? சம்மந்தி, சொல்லிட்டேன். நான் முடிச்சுச் சொல்லுத வரைக்கும் இதுல ஒரு ஆணியப் புடுங்குனாலும் எனக்குக் கெட்ட கோவம் வரும்."

சம்மந்தி என்று அவர் அழைத்தது அதுதான் முதல் தடவை. எங்கள் பக்கம் மாப்பிள்ளையின் தகப்பனார் பாயசத்தில் உப்புப் போடச் சொன்னால், கல்லுப்பா பொடியுப்பா என்றுதான் கேட்பார்கள். மதினியின் ஸ்க்ரூடிரைவர் தானாக முந்தானைக்குள் போய்விட்டது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் இருந்ததை எழுதத் தெரிந்திருந்தால் நான் ஏன் பத்திக்கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்?

விசாரணை அதோடு முடியவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் வாராவாரம் மணியாச்சியிலிருந்து ரயிலேறி வந்தார். மதினி சுட்ட தோசையைத் தின்றுவிட்டுப் பலகை முன் உட்கார்ந்துவிடுவார். அளவெடுத்து முடித்து வண்டியை மட்டும் தூக்கிக்கொள்ள அனுமதித்தவர், விபத்து நடந்த பாதையை மூடி வைத்திருப்பதால் போக்குவரத்து தடைபடக் கூடாது என்று இன்னொரு பாதை போடச் சொன்னார். அண்ணாச்சி போட்டார். அதற்கு ஒரு சிக்னல் வேண்டும் என்றார். அதையும் லேத்தில் கடைந்தார். மாப்பிள்ளை வீட்டார் கேட்டதாகச் சொல்லி, இப்படியாகப் பெண் வீட்டு ஹாலில் ஒரு ஜங்ஷனே எழும்பிவிட்டது. சீர்வரிசைப் பாத்திரங்களைப் பாதை ஓரமாகத்தான் அடுக்கினார்கள். பித்தளைக் குடங்களுக்கு நடுவே ஈறு எக்ஸ்பிரஸ் வளைந்து வந்ததைப் பார்த்து, இதுவும் சீரில் சேர்த்தியா என்று ஒரு அத்தை விசாரித்தார்.

கல்யாணம் முடிந்து அவர்கள் சென்னைக்குப் புறப்பட்ட அன்று நாங்கள் எல்லோரும் கோவில்பட்டி ஸ்டேஷனில் நின்றோம். நிஜ பிளாட்பாரம். நிஜ வெயில், சதுரமில்லாத வெயில். கோமதி சன்னலோரம் உட்கார்ந்து அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த மாசம் வாங்கப்பா. பஸ்ஸுல வேண்டாம். ரயில்ல வாங்க. ஏன், இன்னைக்கே ஏறுங்களேன்."

"ஏட்டி, வெளிய நின்னாத்தான நீ போறது தெரியும்? உள்ள வந்துட்டா நானும்லா போயிருவேன்" என்றார் அண்ணாச்சி. பிறகு எதையோ பார்க்கிறவர் போலக் குனிந்து பெட்டிக்கு அடியிலிருந்த சக்கரத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

கோமதி என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"சித்தப்பா, ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது. ஒங்க முழங்கை நெசத்துல அம்புட்டு தூரம் வராது. நான்தான் கம்ப்யூட்டர்ல லேசா இழுத்து விட்டேன்."

"ஏட்டி!"

"மாமா ரிட்டையர் ஆனதுல இருந்து செவரையே பாத்துக்கிட்டு இருக்காவளாம். ஒரு விபத்துன்னு கேட்டாப் போதும், எந்திரிச்சு வந்துருவாவன்னு இவிய போன்ல சொன்னாவ. எனக்கும் அப்பா ரயிலக் கழட்ட மனசு வரல. அதான்." பக்கத்தில் இருந்த 'இவிய', முகத்தைத் தண்ணீர்ப் பாட்டிலுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

நான் ஏதாவது சொல்வதற்குள் வண்டி நகர்ந்தது. இடுப்பில் கை வைத்து வாயைப் பிளந்து நின்றேன். பின்னாலிருந்து ஒரு கை என் கையை இறுகப் பிடித்து உள்ளே இழுத்தது.

"அண்ணாச்சி, முழங்க!" என்றார் அண்ணாச்சி.

கடைசிப் பெட்டி போகும்வரை அந்தப் பிடியை அவர் விடவில்லை. யாரை வழியனுப்ப நின்றேன் என்று இப்போது யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

விசாரணை இன்னும் நடக்கிறது. சாட்சிப் பொருளான நான், பல்செட் போட்டுக் கொடுக்கிற கண்ணாடி டப்பாவுக்குள், விழுந்த இடத்திலேயே கிடக்கிறேன். வாரத்துக்கு ஒருமுறை அண்ணாச்சி டப்பாவைத் திறந்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் என் மேல் படிந்த கரிசல் தூசியைத் தட்டிவிடுகிறார். முகத்துக்கு மட்டும் பிரஷ்ஷை வைத்துவிட்டு, வாயால் மெல்ல ஊதுகிறார். கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று.

கோமதி சொன்னதை வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். அரிசி டிரம்மின் மேலிருந்த அகராதிகளை இறக்கிக் கீழே வைத்தபடி அவள் முழுக்கதையையும் பொறுமையாகக் கேட்டாள்.

"நானும் அதான நெனச்சேன்" என்றாள். "சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடத் தெரியாத மனுசன், ரயிலக் கவுத்தாராக்கும்!"